விளையாட்டு மருத்துவம்: “எப்போது மறுபடி ஆடலாம், டாக்டர்?”

சாதாரண நோயாளி டாக்டரிடம் கேட்பது, “எப்போது குணமாகும்?” என்றுதான். விளையாட்டு வீரரோ, “எப்போது மறுபடி ஆடலாம்?” என்று கேட்பார். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. வலியும் வீக்கமும் போய், படி ஏறி இறங்க முடிந்தால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கான விடையை அதற்குப் பிறகுதான் தேடவே தொடங்க வேண்டும். அதைத் தேடக் கற்றுக்கொண்டவர்தான் விளையாட்டு மருத்துவர்.

இந்தத் துறையைப் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் தில்லியின் பள்ளி மைதானங்களிலும் காலனிப் பூங்காக்களிலும் கிரிக்கெட், வாலிபால், பாட்மிண்டன், கபடி என்று ஆடுகிறார்கள். காயம் பட்டால் யாரிடம் போவது என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இப்படியும் ஒரு பாதை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆகவே இக்கட்டுரையை ஒரு சிறு பாடமாகவே எழுதியிருக்கிறோம்.

துறை பிறந்த கதை

போட்டியில் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது புதிய வேலையல்ல. கி.பி. 157ஆம் ஆண்டில் பெர்கமம் நகரில் கிளாடியேட்டர் மல்லர்களுக்கு வைத்தியராக இருந்தவர் புகழ்பெற்ற காலன். அவர்களுடைய காயங்களைப் பார்த்துப் பார்த்தே உடற்கூற்றைப் பற்றி அவர் நிறையக் கற்றுக்கொண்டார். ஆனால் இதைத் தனித் துறையாக நினைக்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1928இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது பல நாட்டு மருத்துவர்கள் கூடி ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள்.

நம் நாட்டில் 1961இல் பாட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. பயிற்சியாளர்களை உருவாக்குவது அதன் முதல் நோக்கம். பின்னாளில் அங்கே மருத்துவர்களுக்கான விளையாட்டு மருத்துவ டிப்ளமாவும் வந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டி தில்லிக்குப் பெரிய அரங்குகளைத் தந்தது. 1984இல் இந்திய விளையாட்டு ஆணையம் உருவானது. 2010 அக்டோபரில் காமன்வெல்த் போட்டி நடப்பதற்குச் சற்று முன்பு, சஃப்தர்ஜங் மருத்துவமனை வளாகத்தில் விளையாட்டுக் காய மையம் திறக்கப்பட்டது.

எய்ம்ஸுக்கு எதிரே இருக்கும் சஃப்தர்ஜங் மருத்துவமனையை அறியாத தில்லித் தமிழர் இருக்க மாட்டார். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் படைவீரர்களுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. 1954இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வந்தது. ராமகிருஷ்ணபுரம், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்த நம்மவர்களுக்குப் பிரசவத்திலிருந்து எலும்பு முறிவு வரை அதுதான் கதி. அங்கே விளையாட்டுக் காயங்களுக்கென்று தனி மையம் இருப்பது மட்டும் நம்மில் பலருக்குத் தெரியாது. மூட்டு அறுவைச் சிகிச்சை, பிசியோதெரபி, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் உண்டு. அந்த மருத்துவமனையோடு இணைந்த வர்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில் விளையாட்டு மருத்துவத்தில் எம்.டி. பட்டப் படிப்பும் இருக்கிறது.

படிப்பும் பாதையும்

விளையாட்டு மருத்துவர் ஆவதற்கு முதலில் எம்.பி.பி.எஸ். முடிக்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன் ஆண்டையும் சேர்த்து அது ஐந்தரை ஆண்டு. அதற்குப் பிறகு இரண்டு முக்கிய வழிகள் உள்ளன.

முதலாவது, முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி, மூன்றாண்டு எம்.டி. விளையாட்டு மருத்துவம் படிப்பது. இந்தியாவில் இதற்கான இடங்கள் மிகக் குறைவு. தில்லியைத் தவிரத் தமிழ்நாட்டுத் தொடர்பு வேண்டுவோர் சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் விளையாட்டு அறிவியல் மையத்தை விசாரிக்கலாம்.

இரண்டாவது, வேறு ஒரு முதுநிலைப் படிப்பை, பெரும்பாலும் எலும்பு மருத்துவத்தை முடித்துவிட்டு, அதற்கு மேல் ‘ஃபெலோஷிப்’ என்னும் சிறப்புப் பயிற்சி பெறுவது. தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் ஃபெலோஷிப் பயிற்சிகளில் விளையாட்டு மருத்துவமும் ஒன்று. அதன் காலம் இரண்டு ஆண்டு. பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளில், அனுபவம் மிக்க மருத்துவரின் கீழ் இருந்து கற்கும் பயிற்சி இது. குருகுல முறை போன்றது என்று சொல்லலாம். புத்தகப் படிப்பு முன்பே முடிந்துவிட்டது. இங்கே கற்பது குருவின் கையையும் கண்ணையும்.

மற்ற நாடுகளில் இந்த ஏற்பாடு சற்று மாறும். அமெரிக்காவில் குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், பொது மருத்துவம், அவசர சிகிச்சை ஆகியவற்றில் ஒன்றை முடித்தவர் மேலும் ஓராண்டு ஃபெலோஷிப் செய்து விளையாட்டு மருத்துவர் ஆகலாம். அங்கே இதற்கான முதல் சான்றிதழ்த் தேர்வு 1993இல் நடந்தது. பிரிட்டனில் 2005இல்தான் இது தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. ஆக, வளர்ந்த நாடுகளிலும் இது இளைய துறைதான். நாம் வெகுவாகப் பின்தங்கிவிட்டோம் என்று மனம் வருந்த வேண்டியதில்லை.

மூன்று பேர், மூன்று வேலை

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எலும்பு அறுவை நிபுணர் வேறு, விளையாட்டு மருத்துவர் வேறு, பிசியோதெரபிஸ்ட் வேறு. கிழிந்ததைத் தைப்பதும் முறிந்ததைப் பொருத்துவதும் அறுவை நிபுணரின் வேலை. இழந்த பலத்தையும் அசைவையும் பயிற்சியால் மீட்டுத் தருவது பிசியோதெரபிஸ்டின் வேலை. காயம் என்ன, அறுவை தேவையா, எந்தப் பயிற்சி எப்போது, எந்த நாளில் களத்துக்குத் திரும்பலாம் என்று முழுவதையும் கோத்துப் பார்ப்பவர் விளையாட்டு மருத்துவர். அறுவை நிபுணரே விளையாட்டுக் காயங்களில் ஃபெலோஷிப் முடித்திருந்தால் இரண்டு பொறுப்பையும் ஒருவரே ஏற்பதுண்டு.

விளையாட்டுக் காயங்களில் பெரும்பான்மைக்குக் கத்தியே தேவைப்படாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுளுக்கு, தசைப்பிடிப்பு, அதிக உழைப்பால் வரும் வலி ஆகியவை ஓய்வாலும் முறையான பயிற்சியாலும் தீருகின்றன. ஸ்கேன் எடுக்காமல் தீர்வதும் நிறைய. ஃபெலோஷிப் மாணவர் முதலில் கற்றுக்கொள்ளும் உண்மை இது.

பயிற்சியில் கற்பது என்ன?

முதல் பாடம் புறநோயாளிப் பிரிவில் தொடங்குகிறது. காயம் பட்டவரிடம் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்பதற்கு முன், “எப்படி விழுந்தீர்கள்?” என்று கேட்கப் பழக வேண்டும். கால் ஊன்றியிருந்ததா, உடல் எந்தப் பக்கம் திரும்பியது, ‘டப்’ என்று சத்தம் கேட்டதா, வீக்கம் அன்றைக்கே வந்ததா, மறுநாள் வந்ததா? இந்த நான்கைந்து கேள்விகளிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

பிறகு கை பேச வேண்டும். முழங்காலை இருபது முப்பது டிகிரி மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கெண்டைக்கால் எலும்பை மறு கையால் முன்னுக்கு இழுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் லாக்மன் பெயரால் வழங்கும் இதை 1976இல் அவருடைய மாணவர்கள் எழுதி வெளியிட்டார்கள். பழகிய கைக்கு மூட்டின் உள்ளே நார் அறுந்திருப்பது சில விநாடிகளில் தெரிந்துவிடும். எம்.ஆர்.ஐ. படம் அதை உறுதி செய்யும், கூடவே வேறு சேதம் இருக்கிறதா என்றும் காட்டும். படத்தை மட்டும் பார்த்து வைத்தியம் செய்பவர் இத்துறையில் தேற மாட்டார்.

அடுத்த பாடம் பயிற்சிக் கூடத்தில். ஓடும் இயந்திரத்தில் வீரரை ஓடவிட்டு, மூச்சின் மூலம் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளப்பது, இரண்டு தொடைகளின் பலத்தையும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுவது, ஒற்றைக் காலில் தாவவிட்டுத் தூரத்தை அளப்பது என்று எல்லாமே எண்ணிக்கை. ஆசையும் அவசரமும் பேசும் இடத்தில் இந்த எண்கள்தாம் டாக்டருக்குத் துணை.

மைதானத்துப் பாடம்

ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இருந்து இதைக் கற்க முடியாது. வாரக் கடைசிகளில் போட்டி நடக்கும் இடத்தில் பெட்டியோடு நிற்பதும் பயிற்சியின் பகுதி. அங்கே மூன்று ஆபத்துகளை உடனே அடையாளம் காண வேண்டும்.

ஒன்று, இதயம் நின்றுபோவது. 2003 ஜூன் 26 அன்று பிரான்ஸின் லியோன் நகரில் ஆடிக்கொண்டிருந்த காமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ களத்திலேயே சரிந்தார், காப்பாற்ற முடியவில்லை. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் அதே மாதிரி விழுந்தார். உடனே மார்பை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்தார். அவர் உடலில் இதயத் துடிப்பைக் காக்கும் கருவியைப் பொருத்தினார்கள். பிறகு நடந்ததுதான் சிந்திக்கத் தக்கது. அந்தக் கருவியோடு ஆட இத்தாலிய விதிகள் அனுமதிக்கவில்லை. இங்கிலாந்தில் தடை இல்லை. 2022 பிப்ரவரியில் அவர் அங்கே மறுபடி ஆடத் தொடங்கினார். ஒரே இதயத்துக்கு இரண்டு நாடுகளில் இரண்டு தீர்ப்பு! “ஆடலாமா?” என்பது எவ்வளவு கடினமான கேள்வி என்று இதிலிருந்தே விளங்கும்.

இரண்டு, தலையில் அடி. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து பட்டது. அன்றைக்கு அவர் சோதனைகளில் தேறி மறுபடி வந்து பேட் செய்தார். மறுநாள் காலைதான் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் தெரிந்தன. அவருக்குப் பதிலாக லபுஷேன் ஆடினார். சர்வதேச கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சிக்காக மாற்று வீரர் வந்தது அதுவே முதல் முறை. அறிகுறி தாமதமாக வரலாம் என்பதுதான் இதில் பாடம். ஆகவே தலையில் அடிபட்டு, மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தால் அந்தப் பிள்ளை அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, பிறகு படிப்பு, அதற்குப் பின்னரே விளையாட்டு. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும். தலைவலி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டும்.

மூன்று, வெப்பத் தாக்கு. மே, ஜூன் மாதத் தில்லி வெயிலில் கோடை முகாம் நடத்தும் ஊர் நம்முடையது. ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை தள்ளாடுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறது, உடல் நெருப்பாய்க் கொதிக்கிறது என்றால் அது வெறும் மயக்கமல்ல. உள்ளுடலின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். இதற்கு உலகெங்கும் சொல்லும் விதி: முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டி. 112க்கு ஃபோன் செய்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல், பனிக்கட்டி நீர்த் தொட்டி இருந்தால் கழுத்துவரை அமிழ்த்துங்கள். இல்லாவிட்டால் உடல் முழுவதும் நீரூற்றி, ஈரத் துணி போர்த்தி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டி வைத்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள்.

முழங்கால் சொல்லும் பாடம்

இத்துறையின் மையக் கேள்விக்கு வருவோம். ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். பதினாறு வயதுப் பெண், வாலிபால் ஆடுகிறாள். ஜனவரியில் தாவிக் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்து ‘டப்’ என்றது. இரண்டு மணி நேரத்தில் முழங்கால் பந்துபோல் வீங்கியது. மூட்டின் நடுவே தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். என்னும் நார் அறுந்துவிட்டது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் பல மடங்கு அதிகம் வருகிறது. அவளுக்குப் பிப்ரவரியில் அறுவை நடந்தது. அவளது தசைநாண் ஒன்றையே எடுத்துப் புதிய நாராகப் பொருத்தினார்கள்.

ஜூலையில் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான மாநிலத் தேர்வு. பெண்ணுக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை, மெல்ல ஓடவும் செய்கிறாள். “இத்தனை நன்றாக இருக்கிறாளே, ஒரே ஒரு நாள் ஆடட்டும்” என்கிறார் அப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தேர்வானால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஊரை விட்டு வந்து, ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது சாதாரண விஷயமல்ல.

டாக்டர் என்ன பார்க்கிறார்? புதிதாகப் பொருத்திய நார் உடலோடு ஒன்றிப் பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். இடையில் ஒரு கட்டத்தில் அது பொருத்திய நாளைவிடவும் பலவீனமாகிறது. அந்தக் கட்டத்தில் வலி இருக்காது என்பதே ஆபத்து. ஒன்பது மாதத்துக்கு முன் களம் திரும்பிய இளம் வீரர்களுக்கு மறுபடி காயம் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளந்து பார்த்தால், அறுவை செய்த காலின் தொடைப் பலம் மற்றக் காலின் பலத்தில் எழுபது சதவீதம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறு சதவீதமாவது வேண்டும். ஆகவே டாக்டரின் விடை: “இன்னும் இல்லை.”

இந்த இரண்டு சொல்லைச் சொல்வதுதான் ஃபெலோஷிப்பில் கடைசியாகவும் கடினமாகவும் கற்கும் பாடம். சொல்வது எளிது, அதை ஏற்கச் செய்வதே திறமை. பெண் கண்கலங்குவாள், அப்பா முகம் சுளிப்பார், கோச் தொலைபேசியில் அழைப்பார். ஒரு வலி ஊசி போட்டால் அன்றைக்கு ஆடிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல மருத்துவர் அப்போது கணக்கை எடுத்து வைக்கிறார்: “ஜூலையை விட்டால் போவது ஒரு தேர்வு. பத்தொன்பது வயதுப் பிரிவு இன்னும் இருக்கிறது. ஜூலையில் ஆடி மறுபடி அறுந்தால் போவது இன்னொரு அறுவை, இன்னும் ஓராண்டு, நடு வயதில் மூட்டுத் தேய்மானம்.” முடிவை ஒரு கட்டளையாக மட்டும் சொல்லாமல், நவம்பர் வரை மாதாமாதம் என்ன பயிற்சி, எந்த எண்ணை எட்ட வேண்டும் என்று எழுதியும் கொடுக்கிறார். காத்திருப்பதற்கு ஒரு பாதை தெரிந்தால் காத்திருப்பது எளிதாகிறது.

பெரிய வீரர்களும் இப்படித்தான் காத்திருந்தார்கள். 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பந்துக்கு மும்பையில் முழங்கால் அறுவை நடந்தது. அவர் மறுபடி போட்டியில் ஆடியது 2024 மார்ச்சில். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு 2023 ஆகஸ்டில் அதே ஏ.சி.எல். அறுவை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுவரை வென்றார். எடை நூறு கிராம் கூடியதால் பதக்கம் கைநழுவியது வேறு கதை. அவருடைய முழங்கால் அவரைக் கைவிடவில்லை.

காயம் வராமல் காக்கவும் வழி உண்டு. கால்பந்து வீரர்களுக்காக உலகக் கால்பந்துச் சம்மேளனம் வகுத்த ‘பதினொன்று ப்ளஸ்’ என்னும் இருபது நிமிட முன்பயிற்சியில் பதினைந்து அசைவுகள் உள்ளன. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல் பழக்குவது அதில் முக்கியம். வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் குறைந்தன. செலவு ஒன்றுமில்லை. உங்கள் பிள்ளையின் கோச்சிடம் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளின் எலும்பு

பிள்ளைகள் என்றால் சிறிய அளவிலான பெரியவர்கள் என்று எண்ணக் கூடாது. அவர்களுடைய எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான பகுதி இருக்கிறது. பெரியவருக்கு நார் சுளுக்கும் இடத்தில் பிள்ளைக்கு இந்தத் தட்டே பாதிக்கப்படலாம். பத்து முதல் பதினைந்து வயதுக்குள், ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே புடைத்து வலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1903இல் பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஷ்லாட்டர் என்னும் இருவர் தனித்தனியே விவரித்த தொல்லை இது. அவர்கள் இருவர் பெயராலும் வழங்குகிறது. வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் தானே அடங்கும். அதுவரை ஆட்டத்தைக் குறைத்துத் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். “சோம்பேறி, சாக்குச் சொல்கிறான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வேகப்பந்து வீசும் பையனுக்குக் கீழ்முதுகு வலி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே காட்ட வேண்டும். முதுகெலும்பில் மெல்லிய விரிசல் ஏற்பட்டிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் மேற்கிந்தியப் பயணத்தில் நேர்ந்தது அதுதான். அவர் மாவுக்கட்டோடு வாரக்கணக்கில் இருந்தார். பிறகு உடற்பயிற்சி அறிவியல் அறிஞர் ஃபிராங்க் பைக்கின் வழிகாட்டலில் படிப்படியாகப் பலம் சேர்த்து, 1974–75இல் இங்கிலாந்துக்கு எதிராக 25 விக்கெட் எடுத்தார். 355 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்ற அவர், 1987 முதல் 2012 வரை சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சிக் கூடத்தை வழிநடத்தியது நமக்குப் பெருமை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை நாமும் பின்பற்றத் தக்கது: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, ஓர் ஆண்டில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு. அந்த மாதங்களில் நீந்தலாம், சைக்கிள் விடலாம்.

மருந்திலும் எச்சரிக்கை

ஃபெலோஷிப்பில் ஊக்க மருந்துச் சட்டமும் ஒரு பாடம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் பதினாறு வயது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆண்ட்ரியா ரடுகான் தங்கப் பதக்கத்தை இழந்தது, அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையால். அதில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. அவர் தெரிந்து செய்யவில்லை, ஆனாலும் பதக்கம் திரும்பவில்லை. உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. நம் நாட்டில் 2022இல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்திருக்கிறது. மாநில அளவில் ஆடும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இருமல் மருந்தானாலும் சத்து மாவுப் பொடியானாலும் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் “விளையாட்டு வீரன்” என்று சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு

இத்துறையில் சேர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை வாய்ப்பு விளையாட்டு ஆணையத்திலும் சம்மேளனங்களிலும் அணிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் உண்டு; ஆனால் இன்னும் குறைவுதான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் போகும். வெற்றி விழாவில் மாலை உங்களுக்கு விழாது. ஆனால் இங்கே கற்கும் ‘உடற்பயிற்சியே மருந்து’ என்னும் கலை வீரருக்கு மட்டும் உரியதல்ல. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி உள்ள நம் அப்பா, அம்மாவுக்கும் எவ்வளவு நடக்கலாம், எப்படிப் பலம் சேர்க்கலாம் என்று அளவோடு எழுதிக் கொடுக்கத் தெரிந்த டாக்டர்கள் நாட்டுக்குத் தேவை.

வீட்டில் நினைவில் வைக்க வேண்டியவை

1. அடிபட்ட உடனே தைலம் தேய்த்து உருவுவதும், ‘சுளுக்கு எடுப்பதும்’ வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் அந்த இடத்துக்குச் சுமை குறைத்து, இலேசாகக் கட்டி, உயர்த்தி வையுங்கள். பனிக்கட்டி வலியைக் குறைக்கும். துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைத்தால் போதும். பிறகு மெல்ல அசைக்கத் தொடங்குவதே நல்லது.

2. காயம் பட்ட சில மணி நேரத்தில் மூட்டு வீங்கினாலும், காலை ஊன்ற முடியாவிட்டாலும், மூட்டு நழுவுவது போலிருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

3. ஓடும்போது மயங்கி விழுவது, மார்பு வலி, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் இதயப் பரிசோதனை முடியும் வரை பிள்ளையை ஆட விடாதீர்கள்.

4. வலி ஊசி போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போக வேண்டாம். காயத்தை நமக்குச் சொல்லும் மணி வலி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் காயம் போய்விடாது.

5. டாக்டரிடம் போகும்போது “எப்போது ஆடலாம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “ஆடுவதற்கு முன் எதையெல்லாம் செய்ய முடிய வேண்டும்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எண்ணோடும் தேதியோடும் விடை சொல்பவர் கிடைத்தால், சரியான டாக்டரிடம் வந்திருக்கிறோம் என்று நம்பிப் பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கலாம்.